படிக்க முடியாத ஊர்

முதல் ஓலை வாசித்த அன்றே பெரியநாயகம் எழுந்து நின்றார்.

ஓலை என்பது பேருக்குத்தான், இப்போதெல்லாம் காகிதம். கலியாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறுகளிலும் பூசையின் நடுவே சாமியார் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் சபைக்கு முன்னால் வாசிப்பார். "இவர்களுக்குள் விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடிப்பார். அந்தக் கடைசி வரியை யாரும் காதில் வாங்குவதில்லை. பெண்கள் அந்நேரம் கைக்குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள். ஆண்கள் செருமிக்கொள்வார்கள்.

அது அறுபத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி. வேலம்பாளையத்தைத் தாண்டி இருக்கும் சூசையபாளையம் கோயில். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"சூசையபாளையம் காலஞ்சென்ற மரியான் மகள் அருளாயிக்கும், குண்டடம் ஆரோக்கியம் மகன் தோமைக்கும்..." என்று வாசித்து முடித்தார் பங்குச்சாமியார் இருதயசாமி.

"சாமி மன்னிக்கோணுங்க" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல். "இந்தக் கலியாணம் ஆகாதுங்க. ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சிங்க."

பெண்கள் பக்கத்தில் அருளாயி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சொன்னவர் அவளுடைய பெரியப்பா பெரியநாயகம். தாயும் தகப்பனும் இல்லாத அவளை வளர்த்தவர். கோயில் திருவிழாவில் சப்பரத்துக்கு முதல் தோள் கொடுப்பவர். அறுபது வயதிலும் வேட்டி கசங்காமல் நடப்பவர். காலனிக்காரர்கள் எவரும் இதுவரை அவர் கிணற்றுப் படியில் கால் வைத்ததில்லை.

பூசை முடிந்து சாமியார் பங்களாவில் அவர் உட்கார மறுத்துவிட்டார். நின்றபடியே சொன்னார்.

"என்ற அய்யன் சின்னப்பன் சாகறப்போ சொன்னாருங்க. குண்டடத்து அந்தோணி எனக்கு அண்ணன்னு. அந்த அந்தோணிக்குப் பேரன்தானுங்க இந்தத் தோமை. அருளாயி என்ற அய்யனுக்குப் பேத்தி. பங்காளிக்குள்ள பொண்ணு குடுக்கறதுங்களா?"

"உங்க அப்பாவுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டார் சாமியார். அவர் இந்தப் பங்குக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"அதச் சொல்லாமயே போயிட்டாருங்க. கேட்டா மொகத்தத் திருப்பிக்குவாரு. அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு கலியாணமும் இந்தக் கோயில்லதான் ஆச்சு. கலியாணப் பொஸ்தகத்துல ஊரு பேரு இருக்கும், பாருங்க. ஒரே ஊரு, ஒரே அப்பன்னு இருந்துதுன்னா நீங்களே முடிவு பண்ணுங்க."

அருளாயியைப் பல்லடத்தில் தறி வைத்திருக்கும் தன் மச்சினனுக்கு, பெண்டாட்டியை இழந்தவனுக்கு, அவர் பேசி வைத்திருந்தது ஊருக்குத் தெரியும். அவள் மாட்டேன் என்றதும் தெரியும். ஆனால் ஒருவருக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது என்பதால் மட்டும் அவர் சொல்வது பொய்யாகிவிடாது. அவர் முகத்தில் பொய் இல்லை. சாமியாரைக் கலங்கடித்தது அதுதான்.

கலியாணப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று, பிப்ரவரி. பிரான்சிலிருந்து புதிதாக வந்த ஒரு சாமியார் லத்தீனில் எழுதி வைத்திருந்தார். சின்னப்பன், தகப்பன் பெயர் ராயப்பன். மூன்று பக்கம் தள்ளி அந்தோணி. அவனுக்கும் தகப்பன் பெயர் ராயப்பன். இருவருக்கும் ஊர்ப்பெயர் ஒன்றே. ஆனால் அது எந்த ஊர் என்று படிக்க முடியவில்லை. எறும்பு மையில் விழுந்து ஊர்ந்து போனது மாதிரி இருந்தது எழுத்து.

"எனக்கு லத்தீன் தெரியும். இந்தக் கையெழுத்து தெரியலையே" என்றார் சாமியார்.

"அதுக்கு நம்ம இஞ்ஞாசி இருக்காருங்களே" என்றார் பெரியநாயகம். "அவரு படிக்கட்டும். அவரு படிச்சா நான் ஒத்துக்கறேன்."

இஞ்ஞாசி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பார்சல் பிரிவில் இருந்தார். வடக்கேயிருந்து வரும் ஆர்டர் கடிதங்களில் உள்ள ஊர்ப்பெயரைப் படித்துப் பேல் மூட்டை மேல் மையால் எழுதுவது அவர் வேலை. அவர் வருவதற்கு முன்பு கட்டிஹாருக்குப் போக வேண்டிய பனியன் கட்டாக்குக்குப் போயிருக்கிறது. இருபது வருஷத்தில் அவர் எழுதி அனுப்பிய பேல் ஒன்றுகூடத் தப்பான ஸ்டேஷனில் இறங்கியதில்லை. கையெழுத்து புரியாவிட்டால் கண்ணால் பார்க்கக் கூடாது, வாயால் படித்துப் பார்க்க வேண்டும் என்பார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து புத்தகத்தின் முன் உட்கார்ந்தார். எழுத்துக்கு எழுத்து கூட்டி, இங்கிலீஷ்காரன் படிப்பதுபோலப் படித்தார். மெகாலௌடௌங்கா என்று வந்தது.

"இது நம்ம தேசத்து ஊர் மாதிரியே இல்லையே" என்றார் சாமியார்.

பிரெஞ்சுக்காரர்கள் உகரத்துக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்துப் போடுவார்கள் என்பது இஞ்ஞாசிக்குத் தெரியும். பழைய சாமியார்கள் திருப்பூர் என்று எழுதியதைப் பார்த்திருக்கிறார். அந்தக் கணக்கில் மறுபடி கூட்டினார். மேகாலுடுங்கா. அப்படியும் ஒரு ஊர் இல்லை. தாலுக்கா படத்தை விரித்து அவிநாசியிலிருந்து தாராபுரம் வரை விரலை ஓட்டினார். பாளையங்களும் பட்டிகளும் ஊர்களும் வந்துகொண்டே இருந்தன. மேகாலுடுங்கா வரவில்லை.

செய்தி கம்பெனிக்கும் போய்விட்டது. தோமை அங்கேதான் கட்டிங்கில் இருந்தான். துணியை விரித்துப் போட்டுக் கத்தரியோடு நின்றவன் இஞ்ஞாசியைப் பார்த்ததும் சிரித்தான்.

"ஏனுங் மாமா, என்ற தாத்தன் ஊரு ஆப்பிரிக்காவுல இருக்குதாமா? சம்பந்தக்காரங்க கப்பல்லதான் வரோணுமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "டேய், கருப்பா இருக்கறயேன்னு அப்பவே நெனச்சேன்" என்றான் ஒருத்தன். தோமையும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அவன் கத்தரி சுண்ணாம்புக் கோட்டை விட்டு அரை அங்குலம் விலகிப் போயிருந்தது. அதை இஞ்ஞாசி பார்த்தார். அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டாம் ஓலையும் வாசிக்கப்பட்டது. அன்று பெரியநாயகம் எழுந்திருக்கவில்லை. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் இஞ்ஞாசிக்காகக் காத்திருந்தார்.

"ஊரு தெரிஞ்சுதுங்களா?"

"இன்னும் இல்லீங்க. பாத்துட்டே இருக்கறேனுங்க."

"பாருங்க, பாருங்க. அவசரமில்லீங்க." கையில் இருந்த குடையை மெதுவாக விரித்தார். "மழை நல்லாப் பேயுது. அமராவதி டேமு இந்த வருசம் ரொம்பிக் கெடக்குதாமுங்க. எங்க அருளாயி டேமே பாத்ததில்லை. கூட்டிட்டுப் போயிக் காட்டலாம்னு இருக்கறேன்."

இஞ்ஞாசி "தூரமாச்சுங்களே" என்றார்.

"தூரம் என்னங்க தூரம். கார் வெச்சா ரெண்டு மணி நேரம். புள்ளை தண்ணியப் பாத்தா பயந்துக்கும். நாந்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகோணும்." அவர் குரல் அன்பாகவே இருந்தது. "அண்ணன் தங்கச்சி கட்டிக்கிட்டாங்கன்னு ஒரு பேச்சு வந்துட்டா, அப்பறம் எங்க வமிசத்துல யாரும் வெளிய தல காட்ட முடியாதுங்க. அதுக்கு முன்னால நாலு எடத்தப் பாத்துக்கட்டும்."

குடையைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்து போனார். இஞ்ஞாசி மழையில் நின்றார். கூட்டிப் போகிறவர் அவளைத் திரும்பக் கூட்டி வரமாட்டார் என்று தோன்றியது தன் மனதின் விகாரமா, அல்லது அவர் சொன்னதே அதுதானா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போனபின்பும் செபமாலை கையில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. இதற்குமேல் புத்தகத்தைத் தொடாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தார். படிக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் படிக்க முடியவில்லை என்றால் சந்தேகம் நிற்கும். சந்தேகம் நின்றால் அந்தக் கார் புறப்படும்.

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அருளாயி பார்சல் பிரிவின் கதவோரம் வந்து நின்றாள். அவளும் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். விரலெல்லாம் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, அந்தப் பொஸ்தகத்துல எனக்கு ஏதாச்சும் கெட்டது எழுதியிருக்குதுங்களா?"

"உனக்கு ஒண்ணும் எழுதல கண்ணு. உன்ற தாத்தன் பேருதான் இருக்குது. சாப்பிட்டியா?"

அவள் தலையை அசைத்தாள். அந்த அசைவுக்கு இல்லை என்று அர்த்தம். இஞ்ஞாசி தன் தூக்குப்போசியைத் திறந்து மூடியில் பாதிச் சோற்றைப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். அவள் நின்றபடியே நாலு வாய் தின்றாள்.

"பெரியப்பா கோவமா இருக்காரா?"

"இல்லீங்க. ரொம்பப் பாசமா இருக்காரு. புதுச்சீலை எடுத்துக் குடுத்தாரு. அதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது." சோற்றைப் பார்த்தபடி சொன்னாள். "நாளைக்கு ஒரு நாள் வந்தாப் போதும், அப்பறம் வேலைக்குப் போக வேண்டாம்னுட்டாரு. எடமும் மாத்திப்போட்டாரு."

"இப்ப எங்கிருந்து வர்றே?"

"கெழக்காலூடுங்க."

பெரியநாயகத்தின் தோட்டத்தில் இரண்டு வீடுகள் உண்டு. கிழக்கே இருப்பது ஆளில்லாத பழைய வீடு. இஞ்ஞாசி முதலில் அதைத்தான் நினைத்தார். அந்த வீட்டில் இவள் தனியாக இருக்கிறாளே என்று நினைத்தார். பிறகு அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"கண்ணு, இப்பச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லு."

"கெழக்காலூடுங்க."

"கெழக்காலூடுங்க" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். "மேக்காலூடுங்க."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்துவிட்டார். வீட்டை ஊடு என்று சொல்லும் சனங்கள். பெரியவர்களிடம் எதைச் சொன்னாலும் ஓர் 'ங்க' சேர்த்துச் சொல்லும் சனங்கள். எழுபது வருஷத்துக்கு முன்னால் அங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரச் சாமியார் பேனாவோடு உட்கார்ந்து, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டிருக்கிறார். எதிரே நின்ற இளைஞன் கைகட்டிக்கொண்டு, மேக்காலூடுங்க என்றிருக்கிறான். சாமியார் அதை ஊர்ப்பெயர் என்று நினைத்து, மரியாதையையும் சேர்த்து, காதில் விழுந்தபடியே எழுதி வைத்துவிட்டார்.

ஊரே இல்லை. மேற்கால் இருந்த ஒரு வீடு.

சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. ஒரே ஊர் என்றால் அதில் இரண்டு ராயப்பன்கள் இருக்கலாம். ஒரே வீடு என்றால் ஒரே ராயப்பன்தான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் அவர் பங்களாவுக்குப் போய்ச் சொன்னார். சாமியார் கலியாணப் புத்தகத்தை மறுபடி எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கூடப் பிறந்தவங்க பேரப்பிள்ளைகள்னா, பிஷப் ஆண்டவர் உத்தரவு இல்லாம நான் தாலி எடுத்துக் கொடுக்க முடியாது. எழுதிக் கேட்டா அவர் உத்தரவு கொடுப்பார். ஆனா பெரியநாயகம் கொடுப்பாரா?"

இஞ்ஞாசி அமராவதி டேம் பேச்சைச் சொன்னார்.

"அப்போ நாளன்னைக்கு நான் என்ன வாசிக்கிறது?"

இஞ்ஞாசி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். வேறு வழி தேடி அல்ல. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. எண்பத்தொன்பது, தொண்ணூறு, தொண்ணூற்றொன்று. இப்போது அந்த ஊர்ப்பெயர் அவர் கண்ணுக்குப் பழகிவிட்டது. புரட்டப் புரட்ட அது முளைத்துக்கொண்டே வந்தது. மேக்காலூடுங்க, தகப்பன் ராயப்பன். மேக்காலூடுங்க, தகப்பன் ராயப்பன். எண்ணினார். மாப்பிள்ளைகள் ஒன்பது பேர், பெண்கள் எட்டுப் பேர்.

"சாமி, எங்க கம்பெனியில ஒரே பேருல பதினேழு பேல் போகுதுன்னா அது ஆளு பேரு இல்லீங்க. ஏஜென்சி பேரு."

"என்ன சொல்றீங்க?"

"இதப் பாருங்க." விரலை ஒரு வரியில் வைத்தார். "மாப்பிள்ளை மேக்காலூடு, ராயப்பன் மகன். பொண்ணும் மேக்காலூடு, ராயப்பன் மகள். ரெண்டு பேருக்கும் கலியாணம் பண்ணி வெச்சுக் கையெழுத்தும் போட்டிருக்காரு. எந்தச் சாமியாருங்க அண்ணனையும் தங்கச்சியையும் சேத்து வெப்பாரு?"

சாமியார் சட்டென்று எழுந்து அலமாரியிலிருந்து ஞானஸ்நானப் புத்தகங்களை இறக்கினார். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறில் தொடங்கிய தாது வருஷத்துப் பஞ்சத்தை ஒட்டிய புத்தகம் அடியில் இருந்தது. அதை எழுதியவர் வேறொரு சாமியார். கலியாணப் புத்தகத்துக்காரர் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டவர். அவர் எழுத்து சுத்தமாக இருந்தது. சாமியாரே லத்தீனைப் படித்துத் தமிழில் சொன்னார். முதல் பக்கத்து ஓரத்தில் ஒரு குறிப்பு: 'கோயிலுக்கு மேற்கே உள்ள வீட்டில் இன்று நாற்பத்தொரு பிள்ளைகள். நேற்று நாற்பத்து நான்கு.'

அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகப் பிள்ளைகள். பெற்றோர் தெரியாது. ஊர் தெரியாது. இனம் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஞானத்தகப்பன், கோயிலில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் ராயப்பன். பஞ்சத்தில் சாலையோரம் கிடந்த பிள்ளைகளைத் தூக்கி வந்து கஞ்சி ஊற்றிய ஒரு மனிதர். அப்பன் பேர் கேட்டால் சொல்ல ஒரு பேர் வேண்டுமே என்று தன் பேரைக் கொடுத்தவர். ஒருவருக்கொருவர் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவரும் அவராகத்தான் இருக்க வேண்டும்.

சின்னப்பனும் இருந்தான். அந்தோணியும் இருந்தான். இரண்டு மாத இடைவெளி. கண்டெடுத்த இடங்களுக்குள் இருபது மைல் தூரம். இரண்டுக்கும் நடுவில் ஓர் இஞ்ஞாசியும் இருந்தான். இரண்டு வயது, அவிநாசிச் சாலை, துணியில்லை.

"என்ற தாத்தனுங்க" என்றார் இஞ்ஞாசி. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நாளன்னைக்குப் பிரசங்கத்திலேயே சொல்லிடறேன்" என்றார் சாமியார். "ரெண்டு பேரும் இரத்த உறவு இல்லை, பஞ்சத்துப் பிள்ளைகளோட வம்சம்னு சபை முன்னால வாசிச்சா எல்லாம் தீர்ந்தது."

"வேண்டாங்க சாமி. தீராதுங்க." இஞ்ஞாசி கைகூப்பினார். "அவரு அய்யனுக்குக் குலம் தெரியாதுன்னு அத்தன பேரு முன்னால கேட்டாருன்னா, அவரு அந்த எடத்துலயே செத்துப்போவாரு. சாகலைன்னா யாரையாச்சும் கொன்னுபோடுவாரு. அவருகிட்டத் தனியாச் சொல்லோணுங்க. நானே போறேன். எனக்கும் அதே கதைதானுங்களே."

சாமியார் யோசித்தார். பிறகு ஒரு தாளில் மூன்று பிள்ளைகளின் வரிகளையும் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை கம்பெனி மத்தியானத்தோடு முடிந்தது. இஞ்ஞாசி நேரே பெரியநாயகத்தின் தோட்டத்துக்கு நடந்தார். வாசலில் ஒரு கறுப்பு வாடகைக் கார் நின்றது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரோரம் அருளாயி புதுச்சீலை கட்டிக்கொண்டு, தலையில் பூவோடு நின்றாள். இஞ்ஞாசியைப் பார்த்ததும் அவள் உதடு அசைந்தது.

"வாங்க வாங்க" என்றார் பெரியநாயகம். "கரெக்டா வந்தீங்க. கெளம்பிட்டிருக்கறோம். ஊரு கெடச்சுதுங்களா?"

"கெடச்சுதுங்க. தனியாப் பேசோணுங்க."

மாட்டுச்சாலைக்குப் பின்னால் போனார்கள். இஞ்ஞாசி தாளை எடுத்தார். முதலில் தன் தாத்தாவின் வரியைப் படித்தார். பெரியநாயகம் புரியாமல் பார்த்தார்.

"இத எதுக்கு எங்கிட்டப் படிக்கறீங்க?"

"அடுத்ததுக்காகத்தானுங்க." விரலை அடுத்த வரிக்கு நகர்த்திப் படித்தார். "எழுபத்தேழு நவம்பர் நாலு. ஏறக்குறைய நான்கு வயதுள்ள ஆண் பிள்ளை. காங்கயம் சாலையில் ஒரு கிணற்று மேட்டில், இறந்து கிடந்த தாயின் பக்கத்தில் இருந்தது. தாய் தண்ணீருக்காக வந்தவளாக இருக்கலாம். கிணற்றில் இறங்க விடாமல் முள் வெட்டிப் போட்டிருந்தது. பெற்றோர் பெயர் தெரியாது. ஊர் தெரியாது. இனம் தெரியாது. சின்னப்பன் என்று பெயரிட்டேன். பிள்ளை பேசவில்லை. உபதேசியார் ராயப்பனின் கையை மட்டும் விடவில்லை."

மாட்டின் கழுத்து மணி இரண்டு தரம் அசைந்தது. பெரியநாயகம் அசையவில்லை.

"இன்னொருக்காப் படிங்க."

இஞ்ஞாசி படித்தார்.

"இத எத்தன பேரு பாத்திருக்கறாங்க?" அந்தக் குரலில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. மாட்டுச்சாலைக் கூரையில் அரிவாள் செருகியிருந்தது. பெரியநாயகத்தின் பார்வை ஒரு கணம் அங்கே போய் வந்தது.

"சாமியும் நானுந்தானுங்க. மூணாவதா நீங்க. எங்க வாயிலிருந்து போகாதுங்க."

"நீங்க பொய் எழுதியாந்திருந்தா?"

"என்ற தாத்தனுக்குத் துணியில்லைன்னு நான் எதுக்குங்க பொய் எழுதறேன்?"

பெரியநாயகம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இஞ்ஞாசி தாளை மடித்து அவரிடமே நீட்டினார்.

"அந்தப் புள்ளைக்கும் ஆத்தா இல்லை, அய்யன் இல்லைங்க. உங்க கையப் புடிச்சுட்டுத்தான் வளந்துது. அவ்வளவுதானுங்க நான் சொல்லோணும்."

"நீங்க போங்க" என்றார் பெரியநாயகம்.

"புள்ளைய எங்கூட அனுப்புங்க. கோயில்ல பூக்கட்ட ஆளில்லை."

"போங்கன்னு சொன்னேனுங்க."

இஞ்ஞாசி வெளியே வந்தார். அருளாயியைக் கடந்து நடந்தார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. சாலையின் மறுபக்கம், வேலமரத்தடியில் இருந்த மைல் கல்லின் மேல் உட்கார்ந்தார். அங்கிருந்து கார் தெரிந்தது. கார் புறப்பட்டால் குறுக்கே போய் நிற்பது என்று நினைத்தார். அதற்குமேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. செபமாலையை எடுத்தார். ஐம்பத்து மூன்று மணியும் உருண்டது. மறுபடி ஐம்பத்து மூன்று. டிரைவர் காருக்குள் சாய்ந்து தூங்கினார். மழை வந்தது, நின்றது. மரத்தின் இலைகள் சொட்டிக்கொண்டே இருந்தன.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் பெரியநாயகம் வந்து காரின் கதவைத் தட்டி ஏதோ சொன்னார். கார் சத்தம் போட்டுக்கொண்டு கிளம்பியது. இஞ்ஞாசி எழுந்து சாலை நடுவில் போய் நின்றார். டிரைவர் ஹாரன் அடித்து, தலையை வெளியே நீட்டி, "ஏய்யா, சாகறதுக்கு என்ற வண்டிதான் கெடச்சுதா?" என்று கத்தினார். பின்சீட்டில் யாரும் இல்லை.

அப்படியும் அவருக்கு நிம்மதி வரவில்லை. காரில் போகாததால் மட்டும் ஒரு பெண் பிழைத்துவிட்டாள் என்று சொல்லிவிட முடியுமா? கிணறும் அந்தத் தோட்டத்தில்தானே இருந்தது.

மறுநாள் பூசைக்கு மணி அடித்தபோது முன்வரிசையில் பெரியநாயகத்தின் இடம் காலியாக இருந்தது. பெண்கள் பக்கத்திலும் அருளாயி இல்லை. தோமை தூணோரம் நின்றுகொண்டு வாசலையே பார்த்தான். இஞ்ஞாசி மண்டியிட்டார். எழுந்தார். உட்கார்ந்தார். எதுவும் அவர் காதில் விழவில்லை. பிரசங்கம் தொடங்கும் முன்புதான் வாசலில் நிழல் விழுந்தது. அருளாயி உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால் வந்த பெரியநாயகம் முன்வரிசைக்குப் போகவில்லை. காலனிக்காரர்கள் நிற்கும் இடத்தில், கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அவர்கள் திகைத்து விலகி இடம் விட்டார்கள்.

சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். "...விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

ஒரு செருமல் இல்லை. எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின.

"விக்கினம் ஒண்ணும் இல்லீங்க சாமி" என்றார் பெரியநாயகம். "நாந்தான் தப்பா எண்ணிப்போட்டேனுங்க."

ஏன், எப்படி என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கத் துணியவில்லை. தோமை தூணில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

பூசை முடிந்து சாமியார் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது பெரியநாயகம் அந்த அறை வாசலில் வந்து நின்றார். இஞ்ஞாசியும் உள்ளே இருந்தார். இருவருமே ஓரடி பின்னால் போனார்கள். அவர் கையில் மடித்த தாள் இருந்தது. ஒரே நாளில் பத்து வருஷத்துத் தாள் மாதிரி நைந்திருந்தது.

"புதன்கிழமை கலியாணத்த வெச்சுக்கலாமுங்க. நானே கையப் புடிச்சுக் குடுக்கறேன்." கையிலிருந்த தாளை விரித்தார். "அதுக்கு முன்னால ஒரு பூசை வெக்கோணுங்க. அந்தக் கெணத்து மேட்டுல கெடந்தவளுக்கு."

சாமியார், யாருக்காகப் பூசை என்று குறித்து வைக்கும் கருத்துப் புத்தகத்தைத் திறந்தார். இறந்தவர் பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றது.

"பேர் எழுதி வைக்கலையே ஐயா. பேர் இல்லாட்டியும் பரவாயில்லை. ஆண்டவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியுமுங்க. எனக்கும் ஒரு பேரு சொல்லிக் கூப்புடோணுமல்ல." அவர் தாளைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார். "என்ற அய்யனப் பெத்தவ. எனக்கு என்ன மொறையோ அதையே எழுதுங்க சாமி. அப்பாயின்னு எழுதுங்க."